குறிப்பேடும் குருபக்தியும்

(அறவாரியத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'எழுத்தாளன் உருவாவது எப்படி?' என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். அது பெரிய தலைப்பு. என் தோளுக்கு அந்தச் சட்டை பெரிது. ஐம்பது ஆண்டுகளாகச் சிறுகதைகளும் சில கட்டுரைகளும் எழுதி வந்திருக்கிறேன். சோறு போட்டது தமிழ்ப்பள்ளி ஆசிரியர் வேலை. ஆகவே தலைப்பைச் சுருக்கிக்கொண்டு எனக்குத் தெரிந்த இரண்டைப் பற்றி மட்டும் பேச உங்கள் அனுமதியை வேண்டுகிறேன். ஒன்று, குறிப்பேடு எழுதும் பழக்கம். மற்றொன்று, நாம் போற்றுகின்ற எழுத்தாளரிடமிருந்து நாம் பெற்றுக்கொள்ள வேண்டியது எது என்பது.

இவ்விரண்டையும் ஒன்றாக எனக்குக் காட்டியவர் தமிழ்த் தாத்தா டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்கள். ஓலைச்சுவடிகளைத் தேடிப் பதிப்பித்தவர் என்று அவரை நம் பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் படிக்கிறார்கள். அதற்கு மேல் கேட்டால் பெரும்பாலும் விழிக்கிறார்கள். அவருடைய சுயசரிதையான 'என் சரித்திரம்' நூலை நான் பதினேழு வயதில் படித்தேன். கெடாவில் நாங்கள் இருந்த தோட்டத்துப் பள்ளியில் ஒரு கண்ணாடி அலமாரி நூலகம் உண்டு. அதிலிருந்த தடித்த புத்தகங்களில் அதுவும் ஒன்று. தடித்த புத்தகம் என்றால் சீக்கிரம் திருப்பித் தர வேண்டியதில்லை என்பதற்காகவே எடுத்துப் போனேன்.

அந்தக் காலத்தில் தோட்டக் கடைகளில் 555 என்று எண் போட்ட சிறிய புத்தகம் ஒன்று இருக்கும். இங்கே தலை நரைத்தவர்கள் எல்லாரும் சிரிக்கிறீர்கள், உங்களுக்குத் தெரியும். அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் கடனுக்கு வாங்கி அதில்தான் எழுதி வருவோம். சம்பள நாளில் கூட்டிப் பார்த்து அடைப்பார்கள். அப்படிப்பட்ட புத்தகம் ஒன்றைப் புதிதாக வாங்கி, கடன் கணக்குக்குப் பதிலாகக் காதில் விழுந்த பேச்சை எழுத ஆரம்பித்தேன். இன்று என்னிடம் அறுபத்து மூன்று குறிப்பேடுகள் இருக்கின்றன. நாயன்மார் எண்ணிக்கை என்று என் மனைவி கேலி செய்வார்.

இனி ஐயரவர்களின் கதைக்கு வருகிறேன்.

அவர் 1855ஆம் ஆண்டு பிறந்தவர், ஊர் தஞ்சை மாவட்டத்து உத்தமதானபுரம். தந்தையார் வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான். மகனுக்குத் தமிழ்மீது வந்த ஆசையைக் கண்டு, எந்த ஊரில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவர் இருக்கிறார் என்று கேட்டு, அந்த ஊருக்கெல்லாம் குடும்பத்தோடு குடிபெயர்ந்தவர். அரியலூர், குன்னம், காரை என்று அந்தப் பட்டியல் நீளும். கையில் பணம் இல்லை. ராமாயணக் கதை சொல்லி, ஊரார் கொடுக்கும் நெல்லிலும் காசிலும் காலம் தள்ளிக்கொண்டு மகனின் படிப்புக்காக ஊர் ஊராய் அலைந்தார். பெற்றோர் பலர் இங்கே இருக்கிறீர்கள். பிள்ளையை டியூஷனுக்குக் கொண்டுபோய் விட்டு, காரிலேயே காத்திருக்கும் உங்களுக்கு அந்தத் தந்தையை எளிதில் புரியும்.

1871ஆம் ஆண்டு, மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் அந்த மாணவர் போய்ச் சேர்ந்தார். பிள்ளையவர்கள் அன்றைய தமிழ்நாட்டின் பெரும்புலவர். தலபுராணங்கள் மட்டுமே இருபதுக்கு மேல் பாடியவர். அவர் பாடும் முறையைக் கவனிக்க வேண்டும். எழுத்தாணியைத் தாமே பிடித்து உட்கார்ந்து எழுதுவது குறைவு. அவர் வாயால் பாடல்களைச் சொல்லிக்கொண்டே போவார். அருகிலிருக்கும் மாணவர் ஏட்டில் எழுதிக்கொண்டே போவார். எழுதும் கை சோர்ந்தாலும் சொல்லும் வாய் சோராது. அந்த வேலையை நம் ஐயரவர்களும் செய்தார். காது கேட்பதைக் கை உடனே எழுத வேண்டும், ஓர் எழுத்தும் தவறக்கூடாது. எழுத்தாளனுக்கு இதைவிடச் சிறந்த பயிற்சி எந்தப் பல்கலைக்கழகத்தில் கிடைக்கும்? எனக்குத் தெரியவில்லை.

இந்த இடத்தில் நன்கொடையாளர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டுகிறேன். பிள்ளையவர்கள் செல்வர் அல்லர். தம்மிடம் வந்த மாணவர்களுக்குக் கூலி வாங்காமல் பாடம் சொன்னவர். கையில் உள்ளதை அவர்களுக்கே செலவழித்துக் கடன்பட்டவர். அவரையும் மாணவர்களையும் தாங்கி நின்றது திருவாவடுதுறை ஆதீனம். அன்று ஆதீனத் தலைவராக இருந்த சுப்பிரமணிய தேசிகர் அவர்கள் உணவு கொடுத்தார், இருக்க இடம் கொடுத்தார், மடத்துப் புத்தகசாலையைத் திறந்துவிட்டார். 'சோறு போட்டதற்கு என்ன பலன்?' என்று அவர் அன்றே கணக்குக் கேட்டிருந்தால் காட்டுவதற்கு எதுவும் இருந்திராது. பலன் பின்னால் வந்தது. சீவக சிந்தாமணி 1887இல் அச்சாயிற்று. பத்துப்பாட்டு 1889இல், சிலப்பதிகாரம் 1892இல், புறநானூறு 1894இல், மணிமேகலை 1898இல் வெளிவந்தன.

பிள்ளையவர்கள் 1876 பிப்ரவரி முதல் நாள் திருவாவடுதுறையில் சிவபதம் அடைந்தார். அந்த இரவைப் பற்றி ஐயரவர்கள் எழுதியிருப்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும். ஆசிரியரின் விருப்பப்படி திருவாசகத்தின் அடைக்கலப் பத்தை இவர் வாசிக்கிறார். ஆசிரியரைத் தம் மார்பில் சாய்த்துத் தாங்கிக்கொண்டிருந்தவர் சவேரிநாத பிள்ளை என்ற மாணவர். பெயரிலேயே தெரிகிறது, அவர் கிறிஸ்தவர். சைவ மடத்துப் பெரும்புலவர் தம் கடைசி மூச்சை ஒரு கிறிஸ்தவ மாணவரின் மார்பில் சாய்ந்தபடி விட்டார். யாரோ ஒருவர் கவனித்து மனத்தில் பதித்து எழுதி வைத்ததனால் மட்டுமே இது நமக்குத் தெரிகிறது. வேறு எந்தச் சாசனத்திலும் இது இல்லை.

இப்போது ஒரு கணக்குப் பாருங்கள். ஆசிரியர் மறைந்தது 1876இல். ஆசிரியரின் வாழ்க்கை வரலாற்றை ஐயரவர்கள் இரண்டு பாகங்களாக வெளியிட்டது 1933இலும் 1934இலும். இடையே ஐம்பத்தேழு ஆண்டுகள்! அப்போது ஐயரவர்களுக்கு வயது எழுபத்தெட்டு. ஆசிரியர் எழுதிய கடிதங்கள், அவ்வப்போது பாடிய தனிப்பாடல்கள், அவரோடு பழகியவர்கள் சொன்ன செய்திகள் ஆகியவற்றையெல்லாம் தேடித் தொகுத்து எழுதினார். நம்மில் பலர் குருபக்தி என்றால் படத்துக்கு மாலை போடுவது என்று நினைக்கிறோம். மாலை போடுவது நல்லதுதான், நானும் போடுகிறேன். ஆனால் அரை நூற்றாண்டுக் காலம் ஒரு மனிதரின் பேச்சையும் செயலையும் சிந்தாமல் காப்பாற்றி வைத்திருந்து, பிறகு எழுதிக் கொடுத்தாரே, அதற்கு ஈடாக எந்த மாலையைச் சொல்வது?

இனி எழுத விரும்பும் இளைஞர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். சிறுகதைப் போட்டிகளுக்கு நீதிபதியாகப் பல முறை இருந்திருக்கிறேன். யாரைப் படித்துவிட்டு எழுதியிருக்கிறார்கள் என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். ஒரு காலத்தில் மு.வ. அவர்களின் நாவல்களைப் படித்தவர்கள் எழுதிய கதைகளில் சைக்கிள் கடைக்காரரிலிருந்து மாமியார் வரை எல்லாரும் அறிவுரை சொல்வார்கள். பிறகு ஜெயகாந்தனைப் படித்தவர்கள் வந்தார்கள். அவர்களுடைய தோட்டத் தொழிலாளி சென்னை ரிக்ஷாக்காரரின் தமிழைப் பேசுவார்! மூல ஆசிரியர்கள்மீது குற்றம் இல்லை. போற்றுகிறவர்கள் எடுத்துக்கொண்டது நடையை. அது அவருடைய சட்டை. நமக்குப் பொருந்தாது.

ஐயரவர்கள் என்ன எடுத்துக்கொண்டார்? அவருடைய ஆசிரியர் செய்யுளில் வாழ்ந்தவர். யமகம், திரிபு, அந்தாதி என்று கடினமான வேலைப்பாடுகளில் வல்லவர். அவரிடம் அவ்வளவு பற்று வைத்த மாணவர், பிற்காலத்தில் எழுதியதோ தெளிந்த நீரோட்டம் போன்ற உரைநடை. 'என் சரித்திரம்' 1940 தொடக்கத்திலிருந்து ஆனந்த விகடனில் வாரந்தோறும் வந்தது. வீட்டுப் பெண்களும் கடைக்காரர்களும் வாசித்த பத்திரிகை அது. 122 அத்தியாயங்கள் எழுதினார். 1942 ஏப்ரலில் அவர் காலமானதால் அது முற்றுப்பெறாமலே நின்றது, 1950இல் நூலாயிற்று. அந்த நூல் முழுவதும் பிள்ளையவர்கள் இருக்கிறார். பிள்ளையவர்களின் நடை மட்டும் எங்கும் இல்லை. ஆசிரியரிடமிருந்து அவர் பெற்றது சலிக்காத உழைப்பையும் தமிழ்மீது இருந்த தீராத பசியையும். அவற்றைப் பெற்றுக்கொண்டால் நடை தானாக நமக்கென்று ஒன்று வரும்.

குறிப்பு எடுப்பதில் அவருடைய பொறுமைக்கு ஓர் எடுத்துக்காட்டு. 1880 அக்டோபரில், கும்பகோணம் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அவ்வூருக்கு முனிசீப்பாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்டார். இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று தாம் கற்றவற்றை அடுக்கினார். முதலியாரோ அதெல்லாம் பிற்கால நூல்கள், அவற்றுக்கு மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டு, சீவக சிந்தாமணியின் பெயரைச் சொன்னார். அந்தக் கேள்விதான் ஐயரவர்களின் வாழ்வைத் திருப்பியது. சிந்தாமணி சமண காவியம். இவரோ சிவபூசை செய்யும் குடும்பத்து அந்தணர். சமண சமயச் சொற்கள் விளங்கவில்லை. என்ன செய்தார்? கும்பகோணத்திலிருந்த சமண அன்பர்களின் வீடு தேடிப் போய் மாணவரைப் போல் கேட்டுக் கற்றுக்கொண்டார்.

அந்தக் காவியத்துக்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரையில் பிற நூல்களிலிருந்து எத்தனையோ மேற்கோள்கள் வருகின்றன. அவை எந்த நூலில் உள்ளவை என்று பெரும்பாலும் அவர் சொல்வதில்லை. ஐயரவர்கள் அவற்றை விட்டுவிடாமல் கருத்தில் வைத்துக்கொண்டே இருந்தார். பின்பு பழைய ஏடுகளைப் புரட்டிக்கொண்டிருக்கையில், முன்பு உரையில் கண்ட ஓர் அடி அங்கே வருகிறது! பெயர் தெரியாமல் கிடந்த ஏடு சங்க நூல் என்று அப்போது தெரிகிறது. இன்று எழுதும் குறிப்புக்கு இன்றே பயன் வேண்டும் என்று கேட்கிறவர் குறிப்பேடு வைத்துக்கொள்ளத் தேவையில்லை. எங்கே பொருந்தும் என்று தெரியாமலே எழுதி வைப்பதுதான் குறிப்பு.

சிந்தாமணியை அச்சிட அவரிடம் பணம் இல்லை. ஊர் ஊராகப் போய், புத்தகம் வந்தால் வாங்கிக்கொள்கிறோம் என்று அன்பர்களிடம் கையொப்பம் வாங்கினார். நம் அறவாரியத்தின் மலரில் நன்கொடையாளர் பட்டியலை எழுத்துக்கூட்டிப் படிப்பவன் நான். இது போன்ற பட்டியல்களின்மேல்தான் நம் இலக்கியம் அச்சேறியது என்பது என் நினைப்பு.

ஐயரவர்கள் தாம் அறிந்த பெரியோர்களைப் பற்றியும் கேள்விப்பட்ட சம்பவங்களைப் பற்றியும் ஏராளமான கட்டுரைகள் எழுதினார். 'நான் கண்டதும் கேட்டதும்' என்று ஒரு தொகுப்புக்குப் பெயர். குறிப்பேடு என்றால் என்ன என்று மாணவர்கள் கேட்டால் இந்தப் பெயரையே விடையாகச் சொல்கிறேன். கண்டது, கேட்டது. நினைத்தது என்பது அதில் இல்லை. நான் நினைத்ததை எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு நாட்குறிப்பு இருக்கிறது. நமக்குத் தோன்றியது மறந்துபோனால் உலகத்துக்கு நட்டம் அதிகம் இல்லை. கேட்டது மறந்தால் வேறொருவரின் சொத்து நம் கையால் தொலைகிறது.

அவர் கேட்டு எழுதியவற்றுள் பக்தர்களாகிய உங்களுக்குப் பிடித்த ஒன்றைச் சொல்கிறேன். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார், அந்த நூலுக்குச் சிறப்புப்பாயிரம் கேட்டு மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் வந்தார். பிள்ளையவர்களுக்கு மனமில்லை. கீர்த்தனைகளில் இலக்கணப் பிழைகள் இருந்தன. இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்ல முடியாமல், இன்று நாளை என்று கடத்தினார். பாரதியாரும் விடாமல் வந்துகொண்டிருந்தார். ஒருநாள் வந்தபோது பிள்ளையவர்கள் உறங்கிக்கொண்டிருந்தார். எழுப்பக்கூடாது என்று வாசல் திண்ணையில் உட்கார்ந்த பாரதியார், தம் கீர்த்தனைகளைத் தமக்குத் தாமே பாடத் தொடங்கினார். உள்ளே விழித்துக்கொண்ட பிள்ளையவர்கள் அதைக் கேட்டார். கேட்கக் கேட்க உருகிக் கண்ணீர் விட்டார். இலக்கணம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. எழுந்து வந்து சிறப்புப்பாயிரம் கொடுத்தார்.

இச்செய்தியை எழுதியவர் பிள்ளையவர்களின் மாணவர் என்பதை நினைத்துப் பாருங்கள். தம் ஆசிரியர் ஒரு பக்தரை அலைக்கழித்தார் என்பதை அவர் மறைக்கவில்லை. மறைத்திருந்தால் அந்தக் கண்ணீரும் நமக்குக் கிடைத்திராது. நம் பெரியவர்களைப் பற்றி மலர்களில் எழுதும்போது 'அன்னார் பிறந்தார், அரும்பணி ஆற்றினார், இறைவனடி சேர்ந்தார்' என்று எழுதி முடித்துவிடுகிறோம். அப்படி எழுதப்பட்ட பெரியவர்கள் எல்லாரும் ஒரே ஆளாகத் தெரிகிறார்கள்.

வங்காளத்திலும் இதே போன்ற ஓர் அதிசயம் நடந்தது. மகேந்திரநாத் குப்தர் என்ற பள்ளித் தலைமையாசிரியர், 1882ஆம் ஆண்டு தட்சிணேசுவரத்தில் பகவான் ஸ்ரீ ராமகிருஷ்ண பரமஹம்சரைத் தரிசித்தார். பிறகு ஓய்வு கிடைத்தபோதெல்லாம் போய்க் கேட்டார். அங்கேயே உட்கார்ந்து எழுதவில்லை. வீட்டுக்குத் திரும்பியபின் நினைவிலிருந்து நாட்குறிப்பில் எழுதினார். தேதி, கிழமை, திதி, எந்த அறை, யார் யார் இருந்தார்கள், யார் என்ன கேட்டார், பகவான் எப்படிச் சிரித்தார் என்பது வரை. அதுவே கதாமிருதம் என்று ஐந்து பாகங்களாக வந்தது. முதற்பாகம் 1902இல், கடைசிப் பாகம் 1932இல். அவர் மறைந்த ஆண்டும் அதுவே. புத்தகத்தில் தம் பெயரைக்கூட முழுதாகப் போடாமல் 'ம' என்ற ஓரெழுத்தால் மறைந்து நின்றார். நம்மில் பலர் தமிழில் 'அமுதமொழிகள்' என்று படிப்பது இதைத்தான். அந்தப் பள்ளி ஆசிரியர் பகலெல்லாம் வேலை செய்த களைப்போடு இரவில் விளக்கின்முன் உட்கார்ந்திராவிட்டால், அந்த மொழிகளில் எத்தனை நமக்கு வந்திருக்கும்?

நானும் ஆசிரியன்தான். ஆனால் நான் கேட்டது பரமஹம்சரிடமல்ல, பால்மரம் சீவிய பாட்டிமார்களிடம். என் முறையும் குப்தரிடம் கற்றதே. எதிரில் எழுதினால் பாட்டிகள் பேச்சை மாற்றிவிடுவார்கள். சங்கத் தலைவர் போலப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். கைப்பேசியில் பதிவு செய்தாலும் அப்படியே. அதனால் கேட்டுவிட்டு வந்து அன்றிரவே எழுதுவேன். தேதி போடுவேன், இடம் போடுவேன், சொன்னவருடைய வயதைப் போடுவேன், அவர் சொன்ன சொல்லை அப்படியே போடுவேன். திருத்த மாட்டேன்.

அந்தச் சொற்கள்தான் எனக்குக் கவலை. விடியுமுன் ஆள் கணக்கு எடுக்கும் இடத்தைப் 'பெரட்டுக்களம்' என்றோம். பால் வடியும் கிண்ணத்தை 'மங்கு' என்றோம். வெட்டில் காய்ந்து நாடாவாக ஒட்டியிருப்பது 'கோட்டுப்பால்'. ஒருவர் சீவ வேண்டிய மரவரிசை 'நிரை'. நிரை, புறநானூற்றுக் காலத்துச் சொல்! இவற்றைச் சொன்னால் என் பேரன் என் முகத்தைப் பார்க்கிறான். தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் போயின. மக்கள் பட்டணத்துக்கு வந்தார்கள். சொற்களுக்கு வீடு கிடைக்கவில்லை. 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் போன்ற ஏடுகளில் இந்தச் சொற்கள் கதைகளாக வந்துகொண்டிருந்தன. அந்த நாளிதழும் 2019இல் நின்றுபோயிற்று.

ஒரு பாட்டி என்னைக் கேட்டார், "ஏம்பா வாத்தியாரே, இதெல்லாம் எதுக்குக் கேட்டுக்கிட்டு இருக்கிற? இதுல என்னா இருக்கு?" என்று. நான் பதில் சொல்லவில்லை, அவரே தொடர்ந்தார். தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குக் கூரை போட வேண்டும். கையில் பணமில்லை. கட்டிப்பால் எடை போட்டு வரும் காசைப் பெண்கள் எல்லாரும் ஆறு மாதம் வீட்டுக்கு எடுத்துப் போகாமல் கோயிலுக்கே கொடுத்தார்களாம். "ஆம்பளைங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சா தண்ணிக்குப் போயிருக்கும்" என்றார். அந்தக் கோயிலின் கல்வெட்டில் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று பதினோரு பெயர்கள் இருக்கின்றன. பதினொன்றும் ஆண்கள். கட்டிப்பால் காசைப் பற்றி எழுத்தில் இருக்கும் ஒரே சாட்சி என்னுடைய இருபத்தெட்டாம் குறிப்பேட்டில் இருக்கிறது.

இதைச் சொல்லும்போது மற்றொன்று நினைவுக்கு வருகிறது. ஐயரவர்கள் சுவடி தேடிப் பாண்டிநாட்டுச் சிவாலயம் ஒன்றுக்குப் போனார். பழைய ஏடுகள் எங்கே என்று கேட்டார். குப்பையாய்க் கிடந்த ஏடுகளை ஆகமத்தில் சொல்லியிருக்கிறது என்று நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டதாகப் பதில் வந்தது. செய்தவர்கள் தீயவர்களல்லர். பக்தியோடு செய்தார்கள், நெய் ஊற்றிச் செய்தார்கள். அதைப் படித்த வயதில், அது அந்தக் காலம், இனி நடக்காது என்று எண்ணிக்கொண்டேன்.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், வடக்கே ஒரு சிறிய கோயிலில் கும்பாபிஷேகத் திருப்பணி. கோயிலின் பெயர் வேண்டாம். பழைய சாமான்களை வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது கோயிலின் கணக்குப் புத்தகங்கள் பின்புறத்தில் எரிந்துகொண்டிருந்தன. கரையான் பிடித்தவை, யாருக்கு வேண்டும் என்றார்கள். நியாயமான கேள்வி, திருப்பணியில் ஆயிரம் வேலை. தீ எட்டாமல் கிடந்த இரண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். பச்சை அட்டை, நீள வாட்டுப் புத்தகம். 1953ஆம் ஆண்டுத் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி கொடுத்தவர்களின் பட்டியல் அதில் இருக்கிறது. ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளி, ஐம்பது காசு. பெயருக்கு எதிரே ஊர் எழுதியிருக்கிறார்கள். நாமக்கல், துறையூர், ஆற்காடு, செய்யாறு. இங்கே வந்து எத்தனையோ ஆண்டுகள் கழிந்த பின்னும் ஊர்ப் பெயரைக் கேட்டு எழுதியிருக்கிறார் அந்தக் கணக்குப்பிள்ளை. சிலர் பெயருக்கு எதிரே காசு இல்லை. 'தோரணம் கட்டினார்', 'விறகு வெட்டினார்' என்று எழுதியிருக்கிறது. காசு கொடுக்க முடியாதவரையும் கொடுத்தவர் பட்டியலிலேயே சேர்த்த அந்த மனிதரின் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை. கையெழுத்து மட்டும் இருக்கிறது, மணிமணியாக.

நான் கதை எழுத முயலும்போது யாரை மனத்தில் வைத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்பார்கள். ஐயரவர்களை வைத்துக்கொள்கிறேன், குப்தரை வைத்துக்கொள்கிறேன். சில ஆண்டுகளாக இந்தக் கணக்குப்பிள்ளையையும் சேர்த்திருக்கிறேன். அவரும் எனக்கு ஆசிரியர்தான். ஒரு சொல்லைக் கூட்டவில்லை. விறகு வெட்டினார் என்றால் விறகு வெட்டினார், அவ்வளவுதான்.

என் வேண்டுகோள் இரண்டு. அவையும் பெரியவை அல்ல. திருப்பணி தொடங்குமுன், பழைய கணக்கு, கூட்டக் குறிப்பு, திருவிழாத் துண்டறிக்கை, பாட்டுப் புத்தகம் எது இருந்தாலும் ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள். கரையான் அரித்திருந்தாலும் பரவாயில்லை. அறவாரியத்தின் நூலகத்தில் அவற்றுக்கென ஓர் அலமாரி ஒதுக்க அறங்காவலர்கள் மனம் வைக்க வேண்டும். என்னிடமுள்ள இரண்டு பச்சை அட்டைப் புத்தகங்களையும் அறுபத்து மூன்று குறிப்பேடுகளையும் அந்த அலமாரிக்கே தருகிறேன். கடைசிக் குறிப்பேட்டில் மட்டும் இன்னும் நாற்பது பக்கம் வெறுமையாக இருக்கிறது, அதை முடித்துவிட்டுத் தருகிறேன்.

இரண்டாவது, மாணவர்களுக்கு. இன்று அன்னதானக் கூடத்தில் பரிமாறும் பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு கோயில் நினைவிருக்கும். சாப்பிட்டு முடித்ததும் ஒருவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். "தாத்தா, நீங்கள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது சாமியை எங்கே வைத்திருந்தார்கள்?" அவ்வளவு போதும். வீட்டுக்குப் போய் இரவே எழுதுங்கள், தேதியோடு. நூறு குறிப்பேடுகளுக்கான செலவை ஏற்பதாக நன்கொடையாளர் ஒருவர் சற்றுமுன் என் காதில் சொன்னார். பெயரைச் சொல்லக்கூடாது என்று கட்டளை. அவை வாசலருகே மேசையில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. முன்பக்கத்தில் உங்கள் பெயரையும், நீங்கள் கேட்கப்போகும் பெரியவரின் ஊரையும் எழுதிவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.